ஆயிரத்து இருநூறு கிலோ

மெதூரிலிருந்து வந்தவர்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
மணலில் இறங்கினார்.
நெட்டுக்குப்பத்தில் இதுவரை யாரும்
டிராக்டர் விற்றதில்லை.
என்ன சொல்லி விற்பதென்று தெரியாமல்
கையேட்டை எடுத்துக்கொண்டு போனேன்.
கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால்
கையேடும் என்னிடம்.

முப்பத்தைந்து குதிரை, மூன்று சிலிண்டர்,
டேங்க் நாற்பத்தேழு லிட்டர், ஸ்டியரிங் சாதா
என்று வாசித்துக்கொண்டே போனேன்.
அவர் மட்கார்டில் விரல் வைத்தார்.
விரல் உள்ளே போய்விட்டது.

"உப்பு" என்றான் எத்திராஜ், ஓட்டுகிறவன்.
வேறு யார் மேலோ பழி போடுவதுபோல.

ஹவர் மீட்டர் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறது.
எந்த வருஷம் நின்றதென்று நோட்டில் இல்லை.
முன்னே போக எட்டு கியர், பின்னே போக இரண்டு.
எட்டில் ஐந்தை நாங்கள் தொட்டதேயில்லை.
எங்களுக்குக் கடலுக்குள் போவதெல்லாம் ரிவர்ஸில்தான்.
டிராலியில் படகு,
பின்சக்கரம் பாதி முங்க,
எத்திராஜ் கழுத்தைத் திருப்பி அலையைப் பார்த்தபடி.
இருபத்திரண்டு வருஷத்தில்
அவன் கழுத்து இடது பக்கமாகவே நின்றுபோனது.
ரிவர்ஸ் பல்சக்கரம் இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம்,
புதுப்பேட்டையில் வாங்கியது,
பில் இருக்கிறது. அதாவது ஒரு துண்டுச் சீட்டு.

எண்ணெய் கரையேறிய டிசம்பரில்
படகு இழுத்த கணக்கு ஒரு வரிகூட இல்லை.
டீசல் கணக்கு மட்டும் நான்கு பக்கம்.
கறுப்பு மணல் மூட்டைகள்,
எத்தனை நடை என்று எண்ணுவதை
ஒன்பதாம் நாள் விட்டுவிட்டேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு தலைப்பாகைக்காரர்
சேற்றில் உட்கார்ந்து ஓட்டுகிறார், சிரிப்பு,
பின்னால் கலப்பை.
எங்கள் வண்டிக்குக் கலப்பையைத் தெரியாது.
அது மாட்டும் இடத்தில் கயிறு கட்டுவோம்.

"பி.டி.ஓ. ஓடுதா?"
"ஐந்நூற்று நாற்பது சுற்று என்று போட்டிருக்கிறது."
"ஓடுதான்னு கேட்டேம்மா."
அந்த மூடியை யாரும் கழற்றியதில்லை.
ஸ்பேனர் வாங்கினார். தட்டினார், திருகினார், ஏதோ முனகினார்,
மறுபடி தட்டினார்.
மூடி வந்தது.

உள்ளே கம்பெனி பூசிய மஞ்சள் கிரீஸ்,
அப்படியே.
ஷாஃப்டின் ஒவ்வொரு பல்லும் கூராக, பளபளவென்று.
எத்திராஜ் எட்டிப் பார்த்தான்.
"இன்னாக்கா இது, நம்ம வண்டிலயா?"

"லிஃப்ட்?" என்றார் அவர்.
ஆயிரத்து இருநூறு கிலோ தூக்கும்,
கையேடு சொல்கிறது.
நாங்கள் இழுக்கத்தான் சொல்லியிருக்கிறோம்,
எதையும் தூக்கச் சொன்னதில்லை.
சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே அந்த லீவர்,
அதில் எத்திராஜ் சாப்பாட்டுப் பையை மாட்டுவான்.
பையை என்னிடம் கொடுத்துவிட்டு
லீவரை மேலே தள்ளினார்.

ஒன்றுமில்லை.
எஞ்சின் குரல் மட்டும் தடித்தது.
பிறகு துரு உதிர உதிர
பின்னால் இரண்டு கைகளும் எழுந்தன,
வெறுமனே, மிக மெதுவாக.
மணல் கொட்டியது.
ஒரு நண்டு விழுந்து, யோசித்து, ஓடியது.
மேலே போய் அனல் மின் நிலையப் புகைபோக்கிக்கு நேராக
நின்றுவிட்டன.

லீவரை இறக்கினார். இறங்கவில்லை.
"ரிப்பேரா?" என்றேன், விலை போச்சே என்று.
"இல்லம்மா. பாரம் இல்லாம எறங்காது.
அப்டித்தான் செஞ்சிருக்கான்."

தேசப்பன் படகு கரையை முட்டிய நேரம் அது.
கயிற்றின் நுனி யார் யார் கையிலோ மாறி
அவர் கைக்கும் வந்தது. பிடித்துக்கொண்டார்.
பேன்ட் முழங்கால்வரை நனைந்துவிட்டது,
செருப்பு ஒன்றைக் காணவில்லை.
படகு ஏறிய பிறகு
இரண்டு கிரேட் காணாங்கெளுத்தியைத் தூக்கி
அந்தக் கைகளின்மேல் வைத்தோம்.
கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கின.

"மட்கார்டுக்கு மூணாயிரம் கொறைச்சிக்கோ."

ஈரக் கையோடு எழுதினேன்.
மூன்று தெரிகிறது.
சைபர்கள் பரவிவிட்டன.